எதுவரை மீட்பது? சிறு தொகையில் பழைய காரை உயிர்ப்பிக்கும் கேள்வியும் அதற்கு வந்த விடைகளும்

பத்தாண்டுகளாக ஷெட்டில் நிற்கும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்றையோ, வீட்டு ஓரத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் பிரீமியர் பத்மினி ஒன்றையோ வாங்கி ஓடவைக்க நினைப்பவர் முதலில் கேட்பது, ‘எவ்வளவு செலவாகும்?’ என்றுதான். பழைய கார்களில் கைபழகிய மெக்கானிக் இதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை. ‘வண்டிய எப்படி எடுக்கணும்னு நினைக்கிறீங்க?’ என்று திருப்பிக் கேட்பார். ஷோரூமை விட்டு வந்த நாளில் இருந்தது போலவா, இப்போதிருக்கும் கோலத்திலேயே ஓடும்படியா, அன்றாடம் வேலைக்கு எடுத்துப்போகும் அளவுக்கா? இதில் எதைச் சொல்கிறோமோ அதைப் பொறுத்துச் செலவு பல மடங்கு மாறும்.

மெக்கானிக் கேட்கும் அந்த மறுகேள்வி காரைவிட மூத்தது. கோயில், தேவாலயம், ஓவியம், கப்பல் என்று பழையது எதைக் கையில் எடுத்தவர்களும் அதை எதிர்கொண்டிருக்கிறார்கள். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடை சொல்லியிருக்கிறார்கள். அந்த விடைகள் பழைய கார் உலகுக்குள் எப்படி வந்தன, ஒவ்வொன்றும் எங்கே இடறுகிறது என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. அளவுகோல் ஒன்றே: முதன்முறையாக, கையில் அளவான பணத்தோடு இறங்கும் ஒருவருக்கு அந்த விடை எவ்வளவு தூரம் உதவும்? பெருஞ்செல்வர்களின் சேகரிப்புகளை முன்வைத்து உருவான கொள்கைகள் ஒரு பத்மினிக்கு அப்படியே பொருந்திவிடும் என்று சொல்ல முடியாது. அவற்றை முற்றாக ஒதுக்கவும் முடியாது.

கேள்வியின் வேர்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இந்த விவாதம் கூர்மை பெற்றது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக், சிதைந்த கட்டடத்தை மீட்பது என்றால் அதை ஒரு முழுமையான நிலைக்குக் கொண்டுவருவது என்றார்; அந்த முழுமை கட்டடத்தின் வரலாற்றில் எந்தக் கட்டத்திலும் இருந்திராததாகக்கூட இருக்கலாம் என்பது அவர் கருத்து. இங்கிலாந்தில் ஜான் ரஸ்கின் இதற்கு நேர் எதிரே நின்றார். 1849இல் வெளியான நூலில், புதுப்பிப்பு என்ற பெயரில் நடப்பது அழிவிலேயே மோசமான அழிவு என்று வாதிட்டார். வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடங்களைக் காக்க ஒரு சங்கத்தையே தொடங்கினார். இந்த இரு துருவங்களுக்கும் நடுவே ஓர் ஏற்பாட்டை 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் முன்வைத்தது: ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிப்பு நிற்க வேண்டும், புதிதாகச் சேர்ப்பது பழையதிலிருந்து பிரித்தறியும்படி இருக்க வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இந்த விவாதம் அந்நியமானதல்ல. கோயில் திருப்பணிகளில் இதே கேள்வி பலமுறை எழுந்திருக்கிறது. கற்சுவரைச் சுத்தப்படுத்த மணல் வீச்சு முறையைப் பயன்படுத்தியதால் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கின என்று ஆய்வாளர்களும் பக்தர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பிறகு அம்முறைக்குத் தடை வந்தது. துருப்பிடித்த கார் தகட்டைச் சுத்தம் செய்யவும் அதே மணல் வீச்சைத்தான் பட்டறைகள் நாடுகின்றன. அழுத்தம் கூடினால் மெல்லிய தகடு நெளிந்துவிடும். கல்லானாலும் தகடானாலும் ஆபத்து ஒன்றுதான்: அழுக்கோடு சேர்ந்து, திரும்பப் பெற முடியாத ஒன்றும் போய்விடுகிறது.

முதல் விடை: முழுப் புதுப்பிப்பு

பழைய கார் என்றதும் பலர் மனத்தில் எழும் படம் இதுதான். கடைசி போல்ட் வரை கழற்றி, உடலைத் தனியே எடுத்து, தகட்டை வெறுந்தகடாக்கி, புதுப் பெயிண்ட், புது குரோமியப் பூச்சு, புது இருக்கை என்று எல்லாவற்றையும் திரும்பப் பூட்டுவது. இதற்குப் பெருமதிப்பைத் தேடித் தந்தவை அழகுப் போட்டிகள். அமெரிக்காவில் 1950இல் தொடங்கிய பெபிள் பீச் கண்காட்சியில் முதலில் புதிய கார்களே பரிசு பெற்றுவந்தன. 1955இல் பந்தய ஓட்டுநர் ஃபில் ஹில், புதுப்பித்த தன் குடும்பக் காரான 1931ஆம் ஆண்டுப் பியர்ஸ்-ஆரோவைக் கொண்டுவந்து முதலிடம் பெற்றார். பழைய காரைப் புதுப்பித்துப் போட்டிக்கு அனுப்பும் மரபு அதன்பின் வேரூன்றியது. இன்று இந்தியாவில் நடக்கும் பழைய கார் அணிவகுப்புகளிலும் முகம் பார்க்கும்படி மின்னும் வண்டிகளைச் சுற்றித்தான் கூட்டம் சேர்கிறது.

இந்த நிலைப்பாட்டுக்கு வலுவான நியாயம் உண்டு. முழுதாகக் கழற்றினால் ஒளிந்திருக்கும் துரு எல்லாம் வெளிப்படும். பாதுகாப்புக் குறைகள் தப்பாது. தரமாகச் செய்தால் அடுத்த பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை. ஒருவகையில் இதுவே மிகச் சிறந்த பள்ளிக்கூடமும்கூட: ஒரு காரை முழுதாகப் பிரித்துப் பூட்டியவருக்கு அது மறுபடி மர்மமாக இருக்காது.

ஆனால் முதன்முறை இறங்குபவர் அதிகமாகத் தோற்றுப்போவதும் இங்கேதான் என்று தோன்றுகிறது. கழற்றுவது வேகமான, உற்சாகமான வேலை. பூட்டுவது மெதுவானது, பணம் கேட்பது. நடுவழியில் கைக்காசு தீர்ந்தால் மிஞ்சுவது கார் அல்ல. அட்டைப்பெட்டிகளில் பெயர் ஒட்டாத பாகங்கள். அந்நிலையில் விற்கப் போனால், கழற்றும்முன் கிடைத்திருக்கக்கூடிய விலையில் ஒரு பகுதிதான் தேறும். இன்னொரு பலவீனம் கொள்கை சார்ந்தது. தொழிற்சாலையில் ஒருநாளும் இருந்திராத பளபளப்பைப் பல புதுப்பிப்புகள் தருகின்றன. அம்பாசடர்கள் உத்தரபாராவிலிருந்து கண்ணாடி போன்ற பெயிண்டோடு வெளிவரவில்லை. வியோலே-லெ-துக் சொன்ன, ஒருபோதும் இருந்திராத முழுமை இங்கே அப்படியே நடக்கிறது.

இரண்டாம் விடை: இருப்பதைக் காத்தல்

முதல் விடைக்கு எதிர்வினையாக வளர்ந்தது இரண்டாவது. ஒரு கார் ஒருமுறைதான் அசலாக இருக்க முடியும். பிறகு எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் அந்த முதல் பூச்சு திரும்பி வராது என்பது இதன் அடிப்படை. 1966இல் உருவான பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா, 2012இல் ஏற்று 2013இல் வெளியிட்ட டூரின் சாசனத்தில், வெனிஸ் சாசனத்தின் கருத்துகளை வாகனத்துக்கு ஏற்ப எழுதியது. காப்பதற்கு முதலிடம், மாற்றம் தவிர்க்க முடியாததானால் அது குறைவாகவும் திரும்ப நீக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும், செய்ததை எல்லாம் பதிவு செய்ய வேண்டும். வாகனம் ஓட்டப்பட வேண்டும் என்பதையும் சாசனம் ஏற்கிறது.

இந்தப் பார்வை எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதற்குப் பெபிள் பீச்சே சான்று. 2024இல் அங்கே முதலிடம் பெற்றது, புதுப்பிக்கப்படாமல் காக்கப்பட்டு வந்த 1934ஆம் ஆண்டுப் புகாட்டி டைப் 59. அந்தக் கண்காட்சி வரலாற்றில் காப்புப் பிரிவிலிருந்து ஒரு கார் மொத்தப் பரிசையும் வென்றது அதுவே முதன்முறை. 1955இல் தொடங்கிய ஒரு வட்டம் அங்கே வேறு திசைக்குத் திரும்பியது எனலாம்.

சிறு தொகைக்காரருக்கு இந்த நிலைப்பாடு உடனே பிடித்துப்போகும். செய்யாமல் விடும் வேலைக்குச் செலவில்லை அல்லவா? ஆனால் இதன் வரம்புகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும். முதலாவது, காக்க அசல் ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும். மூன்று முறை நிறம் மாறி, இரண்டு முறை டிங்கரிங் ஆன காரில் எந்த அடுக்கைக் காப்பது என்ற கேள்விக்கு விடை எளிதல்ல. இரண்டாவது, துரு காத்திருக்காது. சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் நிற்கும் தகட்டை ‘காலத்தின் தழும்பு’ என்று விட்டுவைத்தால் சில ஆண்டுகளில் தழும்பே எஞ்சாது. மூன்றாவது, பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் டயரிலும் பழமையைக் காப்பது ஏற்கத்தக்க வாதமே அல்ல.

மூன்றாம் விடை: ஓட்டியபடியே சரிசெய்தல்

கொள்கை ஏடுகளில் அதிகம் பேசப்படாத, ஆனால் நம் நாட்டுக்கு மிக நெருக்கமான விடை இது. காரை முதலில் பாதுகாப்பாக ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு ஒவ்வொரு மாதமும் கையில் சேரும் பணத்துக்கு ஏற்ப ஒவ்வொரு வேலையாகச் செய்வது. இதன் தோற்றுவாய் எந்தச் சாசனமும் அல்ல; தட்டுப்பாடு. லைசென்ஸ் ராஜ் காலத்தில் புதுக் காருக்குப் பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்த இந்தியாவில், இருக்கும் காரைத் தூக்கிப்போடும் எண்ணமே எழவில்லை. மும்பையின் கறுப்பு-மஞ்சள் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில் விடைபெற்றதற்குக் காரணம் டாக்சிகளுக்கான 20 ஆண்டு வரம்பு. அதுவரை பட்டறைகள் அவற்றை ஓடவைத்துக்கொண்டே இருந்தன. கியூபாவிலும் அமெரிக்க வணிகத் தடைக்குப்பின் 1950களின் அமெரிக்கக் கார்கள் சோவியத் எஞ்சின்களோடும் பட்டறையில் கடைந்த பாகங்களோடும் தலைமுறைகள் தாண்டி ஓடின.

சென்னையில் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளும், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கடைகளும், ஊருக்கு ஊர் இருக்கும் லேத்துப் பட்டறைகளும் இந்த முறைக்குத் துணை நிற்கின்றன. கிடைக்காத புஷ்ஷைக் கடைந்து வாங்கலாம். உடைந்த பிராக்கெட்டை வெல்டிங் செய்யலாம். ஓட்டும் காரில்தான் எந்தக் குறை அவசரம், எது பொறுக்கும் என்பது தெரியவரும். காரின்மீது பிடிப்பும் குறையாமல் இருக்கும். பாதியில் கைவிடும் ஆபத்தும் இங்கே குறைவு. ஏனெனில் எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் கையில் ஒரு கார் இருக்கும்.

பலவீனம் என்னவென்றால், தற்காலிகத் தீர்வுகள் நிரந்தரமாகிவிடும். வேறு வண்டியின் கார்புரேட்டர், வேறு வண்டியின் ஆல்டர்னேட்டர், அறுத்து ஒட்டிய ஒயரிங் என்று ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்குச் சரியாகப் பட்டிருக்கும். இருபதாண்டில் அவை சேர்ந்து, எந்த வரைபடத்துக்கும் அடங்காத ஒரு வண்டியை உருவாக்கிவிடும். ஒரே இடத்தை இரண்டு முறை பிரிக்க வேண்டி வருவதால் கூலியும் இரட்டிப்பாகலாம். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போது அருகிலிருக்கும் ஆயில் சீலையும் மாற்றாமல் விட்டால், சீல் கசியும் அன்று கியர்பாக்ஸை மறுபடி இறக்கத்தான் வேண்டும்.

நான்காம் விடை: பழைய உடலுக்குப் புதிய எஞ்சின்

கண்ணுக்குப் பழைய கார், காலுக்குப் புதிய கார் என்பது நான்காவது நிலைப்பாடு. நவீன எஞ்சின், டிஸ்க் பிரேக், ஏசி, பவர் ஸ்டியரிங், அண்மைக் காலத்தில் மின் மோட்டாரும் பேட்டரியும். இதன் ஆதரவாளர்கள் சொல்வது எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல: ஓட்டப்படாத கார் செத்த கார்; இன்றைய சாலையில் நிம்மதியாக ஓட்ட முடிந்தால்தான் அடுத்த தலைமுறை அதை வைத்துக்கொள்ளும்.

இதற்கு எதிரே இரண்டு தடைகள். ஃபிவா, மோட்டாரையே மாற்றி மின்வண்டியாக்கிய கார்களை வரலாற்று வாகனமாக ஏற்பதில்லை. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. அனுமதிக்கப்பட்ட விதிவிலக்குகளுக்கு முறையான ஒப்புதல் வேண்டும். பணத்தின் பக்கம் பார்த்தாலும் இது சிறு தொகைக்கு உரிய வழி அல்ல. எஞ்சின் பலம் கூடினால் பிரேக் மாற வேண்டும், பிரேக் மாறினால் சக்கரம், பிறகு சஸ்பென்ஷன் என்று சங்கிலி நீளும். சீட் பெல்ட் சேர்ப்பது, முகப்பு விளக்குக்கு ரிலே வைப்பது போன்ற, பிற்பாடு எடுத்துவிடக்கூடிய சிறு மேம்பாடுகளை இதே தட்டில் வைத்து எடைபோடுவது நியாயமில்லை. அவற்றை எல்லா முகாம்களுமே பெரும்பாலும் பொறுத்துக்கொள்கின்றன.

எது அசல்?

எல்லா நிலைப்பாடுகளுக்கும் அடியில் ஓடும் கேள்வி ஒன்று உண்டு. புளூட்டார்க் எழுதிவைத்த தீசியஸின் கப்பல் புதிரைப் போல, பாகம் பாகமாக மாற்றப்பட்ட கார் அதே கார்தானா? 1990இல் லண்டன் உயர் நீதிமன்றம் இதற்கே விடை சொல்ல வேண்டியிருந்தது. 1929, 1930 ஆகிய ஆண்டுகளின் லெ மான்ஸ் பந்தயங்களில் வென்ற பென்ட்லி ‘ஓல்ட் நம்பர் ஒன்’ காரை 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், அது உண்மையில் அந்தக் கார் அல்ல என்று பின்வாங்கினார்கள். பந்தயத்தில் ஓடிய பாகங்களில் மிகச் சிலவே அதில் எஞ்சியிருந்தன. நீதிபதி ஓட்டன், பாகங்கள் மாறியிருந்தாலும் காரின் வரலாறு எங்கும் அறுபடாமல் தொடர்ந்து வந்திருக்கிறது என்பதைப் பார்த்தார். அந்தப் பெயருக்கு அது உரியதே என்று தீர்ப்பளித்தார்.

ஓர் அம்பாசடரின் உரிமையாளருக்கு இத்தீர்ப்பு தொலைவில் நடந்த கதையாகத் தோன்றலாம். ஆனால் அதிலிருந்து கிடைக்கும் படிப்பினை மிக மலிவானது, எவருக்கும் எட்டக்கூடியது. பாகம் மாறினாலும் தொடர்ச்சி அறுபடாமல் இருக்க வேண்டுமானால் அந்தத் தொடர்ச்சிக்கு ஆதாரம் வேண்டும். பழைய ஆர்.சி. புத்தகம், பில்கள், கழற்றும்முன் எடுத்த படங்கள், எந்தத் தேதியில் எது மாறியது என்ற ஒரு நோட்டு. இதற்கு ஆகும் செலவு அநேகமாக ஒன்றுமில்லை. மாற்றிய பழைய பாகத்தைக் காயலான் கடைக்குப் போடாமல் ஒரு மரப்பெட்டியில் வைத்திருப்பதும் இதில் சேரும்.

பணம் போகும் வழி

சிறு தொகையை முன்வைத்துத் தரப்படும் அறிவுரைகளில் மிகப் பழையது, ‘உன்னால் முடிந்ததிலேயே நல்ல வண்டியாகப் பார்த்து வாங்கு’ என்பது. வேறொருவர் ஏற்கெனவே செய்த செலவை முழுவிலை கொடுக்காமல் பெறுவது இதன் தருக்கம். இது பெரும்பாலும் சரியே. ஆனால் மொத்தமாகப் பணம் இல்லாதவருக்கும், வேலையைக் கற்பதையே நோக்கமாகக் கொண்டவருக்கும் இது முழு விடையாகாது. அவர்களுக்கு இன்னும் நுட்பமான ஓர் அளவுகோல் தேவை: எது குறைந்தால் செலவு தாங்காது?

ஓடாத எஞ்சினைக் கண்டுதான் புதியவர்கள் பயப்படுகிறார்கள். பொதுவான கார்களில் அந்தப் பயம் சற்று மிகை. அம்பாசடரின் 1,489 சிசி எஞ்சின் பிரிட்டிஷ் பிஎம்சி குடும்பத்தின் பி-சீரிஸ் வகை. உலகெங்கும் பல கார்களில் ஓடியது. ரீபோர், பிஸ்டன், ரிங், வால்வு வேலைகள் தெரிந்த பட்டறைகள் இன்றும் உண்டு. பணத்தை விழுங்குவது உடலும் பெயிண்டும். அதற்கு அடுத்தபடியாக, காணாமல் போன சின்னப் பொருள்கள்: கிரில், விளக்குக் கண்ணாடி, குரோமியப் பட்டி, சின்னம், கதவுக் கைப்பிடி. ஓடும் கார் ஆனால் பாதிப் பொருள் இல்லாதது, ஓடாத கார் ஆனால் முழுமையானது என்ற இரண்டில், இரண்டாவதே பெரும்பாலும் மலிவாக முடியும்.

துருவைக் காண ஒரு பழைய வழி உண்டு. மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தைக் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டின்மேல் வைத்து நகர்த்திக்கொண்டே போனால், நல்ல தகட்டில் அது ஒட்டிக்கொண்டு வரும். ஓரிடத்தில் பிடி விட்டு நழுவி விழும். பெயிண்ட் அங்கேயும் அதே நிறத்தில், அதே மினுமினுப்பில்தான் இருக்கும். ஆனால் அடியில் இருப்பது விரற்கடை கனத்துக்கு அப்பிய பட்டி. விரலால் தட்டினால் தகட்டின் ஓசைக்குப் பதில் மண்சுவரின் மந்தமான ஓசை வரும். பிறகு தரைவிரிப்பைத் தூக்கி, ஓட்டுநரின் கால் படும் இடத்தை ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பார்க்க வேண்டும். அம்பாசடரிலும் பத்மினியிலும் உடலே சட்டகமாகவும் இருப்பதால் இந்த இடங்களின் துரு வண்டியின் உறுதியையே பாதிக்கும்.

இந்த ஒரு காரணத்துக்காகவே ஹெரால்டுக்குத் தனிக் கவனம் தரலாம். இத்தாலியர் ஜோவான்னி மிக்கெலோட்டி வடிவமைத்த இக்கார் 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரின் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் உருவானது. நான்கு கதவு ஹெரால்டு இங்கு மட்டுமே செய்யப்பட்டது. இதற்குத் தனிச் சேசிஸ் உண்டு. உடல் பகுதிகள் அதன்மேல் போல்டால் பூட்டப்பட்டவை. மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். எஞ்சினின் இரு பக்கமும் நின்று வேலை செய்யலாம். முதன்முறை கற்பவருக்கு இது பெரிய வசதி. மறுபுறம், தயாரிப்பு நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டதால் சில பாகங்களுக்கு அம்பாசடரைவிட அதிகமாக அலைய வேண்டியிருக்கும். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

வேலையின் வரிசை பற்றி முகாம்களுக்கு இடையே அபூர்வமான உடன்பாடு காணப்படுகிறது: முதலில் நிற்பது, பிறகு ஓடுவது, கடைசியில் மின்னுவது. ஏன் என்பதை ஒரு சக்கரத்தைக் கழற்றினால் பார்த்துவிடலாம். டிரம்மை இழுத்தால் இரண்டு பிரேக் ஷூக்களும் அவற்றைத் தள்ளும் வீல் சிலிண்டரும் தெரியும். சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கினால் உள்ளே ஈரம் கசிந்திருக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பல ஆண்டு மாற்றாமல் நின்ற வண்டியில் அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரில் ஊசிமுனைக் குழிகளாகத் துருவைக் கிளப்பிவிடும். புது ரப்பர் கப் போட்டு மூடினால், அந்தக் குழிகள் சில வாரங்களில் அதையும் தின்றுவிடும். பழைய மாஸ்டர் சிலிண்டர்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்று என்பதால், ஒரு மூலையில் கசிந்தால் பெடல் மொத்தமும் தரையைத் தொடும். ரப்பர் கிட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் சிலிண்டரையே மாற்றுவது அல்லது உறை போட்டுச் சரிசெய்வது, ஒரு பெயிண்ட் வேலையின் செலவோடு ஒப்பிட்டால் சிறு தொகை. இங்கே மிச்சம் பிடித்து, அங்கே செலவழிப்பவர்கள் இருப்பது வருத்தத்துக்குரியது.

யார் வேலை செய்வது என்பதிலும் மேலைநாட்டு அறிவுரை அப்படியே பொருந்தாது. கூலி மிக உயர்ந்த நாடுகளில் ‘நீயே செய்’ என்பதே சிக்கனத்தின் முதல் விதி. இங்கே கைதேர்ந்த டிங்கர் ஒருவரின் நாள்கூலியைக் கொடுப்பது, தெரியாதவர் வெல்டிங் மெஷின் வாங்கித் தகட்டைப் பொசுக்குவதைவிடச் சிக்கனமாக முடியலாம். கழற்றுதல், சுத்தம் செய்தல், பெயர் ஒட்டி அடுக்குதல், பாகம் தேடுதல் ஆகியவை உரிமையாளர் தாமே செய்யத்தக்கவை. தகடு, எஞ்சின் கடைசல், ஒயரிங் ஆகியவற்றைத் தெரிந்தவரிடம் கொடுத்து அருகில் நின்று கற்கலாம்.

சட்டம் வைக்கும் எல்லை

2021இல் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு இது உரியது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், எண்பலகையில் ‘வி.ஏ.’ எழுத்துகள் வரும். அன்றாடப் பயணத்துக்கு இவ்வண்டிகளை ஓட்டக் கூடாது. நம் கேள்விக்கு முக்கியமானது மற்றொரு நிபந்தனை: சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் போன்ற பெரும் மறுசீரமைப்பு நடந்திராமல், வாகனம் மூல வடிவில் காக்கப்பட்டிருக்க வேண்டும். சாசனங்கள் பேசிவந்ததை இங்கே சட்டமே பேசத் தொடங்கியிருக்கிறது.

பத்மினி என்ற பெயரில் வந்த முதல் கார்களே இந்த 50 ஆண்டு வாசலை அண்மையில்தான் எட்டின. அதற்குள் வராத கார்கள் வழக்கமான வழியில் போக வேண்டும்: 15 ஆண்டுக்குப்பின் பதிவைப் புதுப்பித்து, பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை தொடர்வது. 2022 ஏப்ரலில் காருக்கான இந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாத வண்டி எவ்வளவு மலிவானாலும், முதன்முறை வாங்குபவருக்கு அது மலிவு அல்ல.

எரிபொருளும் ஒரு வரம்பு. 2000 முதல் நாட்டில் ஈயம் கலக்காத பெட்ரோலே விற்கப்படுகிறது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்களில் வால்வு அமரும் இடம் தேய இது காரணமாகலாம் என்பதால், ஹெட்டைத் திறக்கும்போது கடின உலோக வளையம் பொருத்துவது நல்லது. இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவியிருப்பதால் பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் டயஃப்ரம்களையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. மூலப் பாகத்தைக் காக்க வேண்டும் என்பவரும் இந்த ரப்பருக்காக வழக்காட மாட்டார்.

இன்று எங்கே நிற்கிறோம்

இந்த நான்கு விடைகளில் எதுவும் தனியே போதாது. ஆனால் எல்லாம் சம எடை உடையவையும் அல்ல. முதன்முறை, அளவான பணம் என்ற இரு நிபந்தனைகளை வைத்துப் பார்த்தால், ஓட்டியபடியே சரிசெய்யும் மூன்றாவது வழியே அடித்தளமாகத் தோன்றுகிறது. அதன் குறையான தாறுமாறான மாற்றங்களுக்கு மருந்து இரண்டாவது வழியிலிருந்து கிடைக்கிறது: திரும்ப நீக்க முடியாத எந்த வேலையையும் கடைசிவரை ஒத்திவைப்பது, செய்ததை எழுதிவைப்பது, பழைய பாகத்தை எறியாமலிருப்பது. துரு தின்ற இடத்தில் மட்டும் முதல் வழியின் துணிவு வேண்டும். அங்கே அரைகுறையாக நிற்பது பட்டியை அப்பி மறைப்பதில்தான் முடியும்.

தீராத கேள்விகள் பல. புகாட்டிக்காக எழுதப்பட்ட காப்பு நெறி, லட்சக்கணக்கில் உருவான ஒரு குடும்பக் காருக்கு எந்த அளவுக்குப் பொருந்தும்? அதன் வரலாற்று மதிப்பு முதல் பெயிண்டில் இருக்கிறதா, அல்லது பட்டறை பட்டறையாக அதை ஓடவைத்த பழுதுகளில் இருக்கிறதா? இரண்டாவதுதான் என்றால், அந்தப் பழுதுகளையும் காக்க வேண்டிவரும். கொள்கையாளர்கள் இதை இன்னும் ஆழமாக எடுத்துப் பேச வேண்டும். துருப்பிடித்த தரைத்தகட்டை வெட்டிப் புதிது வைப்பது சட்டத்தின் பார்வையில் பராமரிப்பா, பெரும் மறுசீரமைப்பா என்பதும் நடைமுறையில் தெளிவடைய வேண்டிய ஒன்று. மின்மயமாக்கல் பரவினால் எரிபொருள் எஞ்சினையே ‘மூல வடிவம்’ என்று எவ்வளவு காலம் வற்புறுத்த முடியும் என்பதும் திறந்தே இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது கைவேலை. சுத்தியலும் கைத்தாங்கியும் வைத்து ஒரு மட்கார்டின் வளைவைக் கண்பார்வையாலேயே மீட்கும் டிங்கர்கள் பலருக்கு வயதாகிவிட்டது. நவீன கார்களில் அந்த வேலைக்கு இடம் குறைவு என்பதால் அடுத்த கைகள் குறைவாகவே வருகின்றன. பாகத்தை வார்த்தெடுக்கலாம், பெயிண்டைக் கலந்தெடுக்கலாம். இந்தக் கைப்பழக்கத்தை அருகில் நின்றுதான் கற்க முடியும். ஒரு பத்மினியோடு பட்டறைக்குள் நுழையும் புதியவர், எதுவரை மீட்பது என்ற கேள்விக்குத் தன் விடையைத் தேடும்போதே, அந்தக் கைகளுக்கு வேலையும் கொடுக்கிறார். சிறு தொகையில் நடக்கும் மீட்பின் பெறுமதியைக் கணக்கிடும் எவரும் அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.